எல் அல்லது பி

பாரத்தில் இரண்டு கட்டங்கள்.
லெலாக்கி என்றால் எல்,
பெரம்புவான் என்றால் பி.
ஒன்றில் மட்டும் கோடிடவும்,
கறுப்பு மை.

கேன்டீனில், மீ கோரெங் எண்ணெய் பட்ட விரலோடு
'பி'யில் கோடிட்டேன்.
பக்கத்து வரியில் ஃபுட்சல் என்று எழுதினேன்.
சிகு அஸ்மான் இரண்டையும்
மாறி மாறிப் பார்த்தார்.
'பி'க்கு ஃபுட்சல் இல்லையே இந்த வருஷம்,
'பி'க்கு நெட்பால்,
உயரமாயிருக்கிறாய், நன்றாக வருவாய் என்றார்.
நல்ல மனுஷர். கோபமே இல்லாமல்
கதவைச் சாத்தத் தெரிந்தவர்.

எங்கள் தோட்டத்தில் திடல் என்பது
செம்பனை ஆலைக்குப் பின்னால்
லாரிகள் திரும்பித் திரும்பிச் செம்மண் இறுகிய இடம்.
ஆலையின் புளித்த வாடை
ஐந்து மணிக்கு மேல் கொஞ்சம் இறங்கும்.
அப்போது ஆடுவோம்.
முதலில் என்னைக் கோலில் நிறுத்தினார்கள்,
ஓர் ஆள் குறைந்தது.
பிறகும் நிறுத்தினார்கள்,
பந்து உள்ளே போகவில்லை.
பொண்ணு நிக்குது, மெதுவா அடி என்பான் கவினேஷ்.
மெதுவாய் வரும் பந்துதான் பிடிக்கக் கஷ்டம்.
கையில் ஒட்டிக்கொண்டு
வீடு வரைக்கும் வரும்.

ஜெர்சி வந்தபோது எனக்கு எல்.
சைஸ் எல்.
முழங்காலைத் தொட்டது.
அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
நல்லா மறைக்குது என்றாள்.
என் ஆட்டத்தைப் பற்றி
இதுவரை அவள் சொன்ன ஒரே பாராட்டு.

யுவனேந்திரன் எங்களோடு ஆடுவதில்லை.
பள்ளியில் நெட்பால் கோர்ட்டுக்கு வெளியே,
வேலியோரம் நிற்பான்,
தவறி விழும் பந்தை எடுத்துத் தர.
தருவதற்கு முன்
அங்கிருந்தே ஒருமுறை எறிவான்.
வேலிக்கு மேலே போய், வளையத்துக்குள் இறங்கும்.
கம்பிகூட அசையாது.
'எல்'லுக்கு நெட்பால் இல்லை.
அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு,
மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று,
நான் இங்கே எழுதப்போவதில்லை.
கேட்டால் வலிக்குமா என்றேன் ஒருநாள்.
காது சுடும்,
பந்து எறிஞ்சா ஆறிடும் என்றான்.

பகாவில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி.
கட்டணம் நூற்றைம்பது வெள்ளி,
ஆளுக்கு இருபத்தைந்து.
என் பங்கு அப்பாவின் ஓவர்டைம்.
மேசையில் ஐசி கேட்டார்கள்.
பெயரைப் படிக்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை,
கடைசி எண்ணில் விரல் வைத்தார் ஒருவர்.
ஒற்றை என்றால் ஆண்,
இரட்டை என்றால் பெண்.
என்னுடையது எட்டு.
ஓப்பன்னுதானே போட்டிருக்கு என்றான் கவினேஷ்.
ஓப்பன் வயதுக்குத்தான் என்றார்கள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்தான் யுவனேந்திரன்.
அவன் கடைசி எண் மூன்று.
உள்ளே பள்ளி டீ-சட்டை போட்டிருந்தேன்,
ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தேன்.
அவனுக்கும் அது பெரிசு.
யாரும் சிரிக்கவில்லை,
சிரிக்க நேரமில்லை.

காலாட்டம் அவனுக்கு வராது.
காலுக்கடியில் மூன்று கோல் விட்டான்.
ஆனால் அவன் எறிந்த பந்து
மொத்தக் கோர்ட்டையும் தாண்டி
கவினேஷின் காலடியில்
நாய்க்குட்டி மாதிரி போய் உட்கார்ந்தது,
இரண்டு முறை.
வலைக்குப் பின்னால் நின்று கத்தினேன்,
இடப்பக்கம்,
எட்டு,
எட்டுடா.
மேசைக்காரர் தலைதூக்கிப் பார்த்தார்.
என் எண்ணைத்தான் கத்திக்கொண்டிருந்தேன் என்று
தொண்டை கட்டிய பிறகு உறைத்தது.

மூன்றுக்கு இரண்டு, தோற்றோம்.
இருபத்தைந்து வெள்ளியைத் திருப்பி நீட்டினான் கவினேஷ்.
வாங்கவில்லை.
அடுத்த வாரம் திடலில்
பந்தைப் பலமா அடி, போதும் என்றேன்.

அப்பாவின் மோட்டாரில்
இன்னும் எல் ஒட்டியிருக்கிறது.
அந்த 'எல்'லுக்கு
ஓட்டப் பழகுகிறவர் என்று மட்டும்தான் அர்த்தம்.
பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம்.
ஏறு என்றேன்.
ஜெர்சியைக் கழற்றித் தரவா என்றான்.
காத்தடிக்கும்,
போட்டிரு.